பினாங்கு யூதர் கல்லறை: தரை சிமெண்ட், எழுத்து ஹீப்ரு

பர்மா ரோட்டிலிருந்து ஜாலான் சைனல் அபிடினுக்குள் திரும்புங்கள். முன்பு அந்தத் தெருவுக்கு ஜாலான் யஹூடி (யூதர் தெரு) என்றே பெயர். கேட் பூட்டியிருந்தால் காவலுக்கு இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு உள்ளே போகலாம். 1805இல் தொடங்கிய இடம், நூற்றுச் சொச்சம் சமாதிகள். பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்கு வருகிறவர்கள் தவறவிடக் கூடாது என்றுதான் சொல்வோம். தரையைப் பார்த்தால் மட்டும் மனசு ஆறாது.

புல்வெளியாக இருந்த இடத்தில் பெரும்பகுதிக்கு சிமெண்ட் போட்டுவிட்டார்கள். புல் வெட்டும் வேலை மிச்சம்தான். ஆனால் மழை ஈரம் மண் வழியாக ஆவியாக வேண்டும். அந்த வழியை அடைத்தால் சமாதியின் அடிப்பாகம் ஈரத்தை உறிஞ்சும், கூடவே உப்பும் ஏறும். காயும்போது உப்பு பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் மறுபடியும் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, அடுத்த முறை கல்லையும் சேர்த்துப் பெயர்க்கும். பழைய கட்டுமானத்துக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் ஒத்துவரும். சமாதியைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு சிமெண்டை எடுத்துவிட்டு ஜல்லி போட்டாலே நல்ல மாற்றம் தெரியும்.

பெரும்பாலானவை நீளப் பெட்டியும் கூரை போன்ற மூடியுமாக இருக்கும். இருப்பதில் பழையது 1835இல் இறந்த ஷோஷான் லெவியுடையது. கேட் பக்கம் தனியாக இருப்பவை கோஹன் எனும் குருக்கள் வம்சத்தாருடையவை. அந்த வம்சத்து ஆண்கள் பார்க்க வரும்போது மற்ற சமாதிகளை நெருங்கக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. 1941இல் இறந்த ஒரு ராணுவ அதிகாரியின் சமாதியும் உண்டு.

ஆண்கள் தலையை மூடிக்கொள்ளுங்கள். சூடம், மாலை வேண்டாம்.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸோ மாவோ தடவாதீர்கள், பாசிக்கு குளோராக்ஸ் மாதிரி ப்ளீச்சும் ஊற்றாதீர்கள். அதுவும் உப்பைத்தான் விட்டுவைக்கும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது போங்கள், அல்லது கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்புங்கள். ஹீப்ரு ஆண்டில் ஆயிரத்தை விட்டுவிட்டு, 5595ஐ 595 என்று எழுதுவது வழக்கம். 595 என்றிருந்தால் 1240 கூட்டுங்கள், 1835 வரும். செப்டம்பர் வாக்கில் பிறக்கும் அவர்களது புத்தாண்டிலிருந்து டிசம்பர் கடைசி வரையிலான தேதிகளுக்கு மட்டும் ஒன்றைக் கழிக்க வேண்டும்.

நேரமிருந்தால் நாகூர் ரோட்டுக்கும் போய் வாருங்கள். 1929இல் திறந்த யூதர் ஜெப ஆலயம் அங்கேதான் இருந்தது. தொழுகைக்குப் பத்து ஆண்கள் சேராமல் 1976இல் மூடினார்கள்.