சீலியாக் இருக்கிற பொண்ண கூட்டிட்டு ஹிபாச்சி கடைக்கு போகலாமா? டல்லாஸ் பக்கத்து கடை ஒண்ணோட ரிவ்யூ

போகலாம். ஆனா ஹிபாச்சி கடைன்னா டேபிள்லயே பெரிய இரும்பு தகட்ட வெச்சு செஃப் நம்ம முன்னாடியே சமைச்சு தர்ற ஜப்பான் ஸ்டைல் கடை, அந்த தகட்டுல சமைக்கிறத சாப்பிட கூடாது, உள்ள கிச்சன்ல தனி பாத்திரத்துல சமைச்சு கொண்டு வந்து தர்றேன்னு சொல்ற கடையா இருந்தா மட்டும் போகலாம். நிறைய பேரு இந்த பதிலுக்காக தான் படிக்க வந்திருப்பீங்க, அதான் முதல்லயே போட்டுட்டேன்.

எங்க சின்னவளுக்கு சீலியாக். இது அலர்ஜி கிடையாது, கோதுமை பார்லி ரை இதுல இருக்கிற குளூட்டன் உள்ள போச்சுன்னா உடம்பே சிறுகுடலோட உள்சுவர தாக்க ஆரம்பிச்சிடும், மருந்துன்னு ஒண்ணும் இல்ல, ஆயுசுக்கும் விலக்கி வைக்கிறது தான் வைத்தியம். வீட்ல பெருசா கஷ்டம் இல்ல, இட்லி தோசை சாதம் குழம்புன்னு நம்ம சாப்பாட்டுல முக்கால்வாசி அவளுக்கு ஒத்துக்கும் (பெருங்காயத்த மட்டும் பாத்து வாங்குங்க, நிறைய டப்பால கோதுமை மாவு கலந்திருக்கும், ரசத்துலயே ஆள கவுத்துடும்). கஷ்டமெல்லாம் வெளிய தான். இங்க ஸ்கூல் பசங்களுக்கு பர்த்டேன்னா ஹிபாச்சி, டீம் ஜெயிச்சா ஹிபாச்சி. 1964ல ராக்கி ஆவோக்கிங்கறவர் நியூயார்க்ல பெனிஹானாங்கற ஹிபாச்சி கடைய ஆரம்பிச்சதுல இருந்து ஊருக்கு ஊர் இந்த மாதிரி கடை வந்தாச்சு. எல்லா பசங்களும் போறப்ப இவள மட்டும் வேணாம்னு சொல்ல மனசு வரல.

பிரச்சனை எங்கன்னா சோயா சாஸ்ல. சோயா தானேன்னு நினைக்கறவங்க இங்க விக்கிற கிக்கோமன் சாதா பாட்டில திருப்பி பாருங்க, தண்ணி, கோதுமை, சோயா பீன்ஸ், உப்புன்னு வரிசையா இருக்கும், சோயாவுக்கு முன்னாடி கோதுமை. புளிக்க வெக்கிறதால கோதுமை போயிடும்னு சில பேர் சொல்றாங்க, அத நம்பாதீங்க. புளிச்சதுக்கு அப்புறம் குளூட்டன் துண்டு துண்டா ஆயிடறதால டெஸ்ட்ல சரியா அளக்க முடியறதில்ல, அதனால தான் 2020ல எஃப்டிஏ (அமெரிக்காவோட உணவு, மருந்து கண்காணிப்பு துறை) தனியா ஒரு ரூல் போட்டுச்சு, இந்த மாதிரி பொருள்ல குளூட்டன் ஃப்ரீன்னு போடணும்னா புளிக்க வெக்கறதுக்கு முன்னாடியே அது குளூட்டன் ஃப்ரீயா இருந்திருக்கணும்னு. தமாரின்னு ஒரு சாஸ் இருக்கு, பெரும்பாலும் கோதுமை இல்லாம செய்யறது, ஆனா அதுலயும் சிலதுல கொஞ்சம் சேர்ப்பாங்க, லேபிள் பாக்காம வாங்காதீங்க.

சரி, நாமளே தமாரி பாட்டில கையோட கொண்டு போனா போதுமான்னா, போதாது. செஃப் பண்றத பக்கத்துல இருந்து பாருங்க. முதல்ல வெங்காயத்த அடுக்கி எரிமலை காட்டுவார், அப்புறம் சாதத்த கொட்டி அது மேல சாஸ சொய்ங்னு பீச்சுவார், அந்த சொட்டு நாலு பக்கமும் தெறிக்கும், அதே தகட்டுல ஒரு ஓரத்துல நூடுல்ஸ் (கோதுமை), இன்னொரு ஓரத்துல டெரியாக்கி (சோயா சாஸ் சேர்த்த இனிப்பு சாஸ்) சிக்கன், எல்லாத்துக்கும் கையில இருக்கிற அதே ரெண்டு கரண்டி தான். “உங்களுக்காக கிரில்ல க்ளீன் பண்ணிட்டு தர்றோம்”னு சொல்லுவாங்க, க்ளீன்னா கொஞ்சம் தண்ணிய ஊத்தி சுரண்டி ஓரத்துல இருக்கிற பள்ளத்துல தள்ளிட்டு இடுப்புல தொங்கற துணியால ஒரு இழு. அந்த துணி காலைல இருந்து எத்தனை டேபிள துடைச்சுதோ. சூட்டுல குளூட்டன் செத்துடும்னு சொல்றதும் தப்பு, அது கிருமி இல்ல சாகறதுக்கு.

இந்த கடைக்கு வர்றேன். ஏற்கனவே வேற ஒரு கடையில “ரைஸ்ல கோதுமையே இல்லையே மேடம்”னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, அங்க அவ வெறும் தண்ணிய குடிச்சிட்டு வந்தா. அதனால இந்த தடவ மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமா போன் பண்ணி மேனேஜர் கிட்டயே பேசினேன். “குளூட்டன் ஃப்ரீ இருக்கா”ன்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னு தான் சொல்லுவாங்க, அப்படி கேக்காதீங்க. நான் கேட்டது, சிக்கன முன்னாடியே சாஸ்ல ஊற வெக்கறீங்களா, கிச்சன்ல தனி வாணலி இருக்கா, எந்த பிராண்ட் தமாரி, வறுக்கிற எண்ணெய் டெம்புரா (கோதுமை மாவுல தோய்ச்சு பொரிக்கிறது) போட்ட எண்ணெயா. அந்த மனுஷன் பூசி மெழுகாம பதில் சொன்னாரு. ஸ்டேக்குக்கு மாரினேட் உண்டு அது வேணாம், சிக்கன் ப்ளெயின், ஜிஞ்சர் சாஸ்ல சோயா இருக்கு, யம் யம் சாஸ்ல மயோனைஸ், தக்காளி பேஸ்ட், சக்கரை தான் ஆனா பொது கிண்ணத்துல இருந்து எடுக்கறதால நான் கேரண்டி குடுக்க மாட்டேன்னாரு. இந்த கடைசி பதில்ல தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. தெரியாதத தெரியாது, முடியாதத முடியாதுன்னு சொல்ற ஆளு கிடைக்கறது கஷ்டம்.

போனதும் தமாரி பாட்டில டேபிளுக்கே கொண்டு வந்து லேபிள காட்டினாங்க, சின்னவள ஓரத்து சீட்ல, செஃப் நிக்கிற இடத்துல இருந்து தள்ளி உக்கார வெச்சாங்க. செஃப் எல்லார் வாய்லயும் இறாலா வீசிட்டு இவ கிட்ட வந்ததும் வீசல, அதுக்கு பதிலா முட்டைய கரண்டி மேல பம்பரம் மாதிரி சுத்தவிட்டு தொப்பிக்குள்ள புடிச்சாரு, அவளுக்கு அதுலயே சந்தோஷம். சாப்பாடு உள்ள இருந்து வேற கலர் தட்டுல மூடி போட்டு வந்துச்சு. சிக்கன், சுக்கினி, காளான், பூண்டு வெண்ணெய் போட்ட சாதம்.

டேஸ்ட்? தகட்டுல கருகி வர்ற அந்த வாசனை இதுல வராது, சுக்கினி கொஞ்சம் சொதசொதன்னு இருந்துச்சு, சாதம் மட்டும் நிஜமாவே நல்லா இருந்துச்சு. அதோட மத்தவங்க பாதி சாப்பிட்டதுக்கு அப்புறம் தான் இவ தட்டு வந்துச்சு, பசியோட பத்து பேர் சாப்பிடறத பாத்துட்டு உக்காந்திருக்கறது ஒரு குழந்தைக்கு லேசு இல்ல.

பெரிய மைனஸ் ஒண்ணு இருக்கு. மேனேஜர் அவ்வளவு தெளிவா எழுதி குடுத்தும் பரிமாற வந்த பொண்ணு எல்லாருக்கும் வெக்கிற மாதிரி இவ முன்னாடியும் சூப்ப வெச்சிட்டு போயிடுச்சு, மேல மாவுல பொரிச்ச வெங்காயம் மிதக்குது. சின்னவளே கைய எடுத்துட்டு “அம்மா இது வேணாம்”னு தள்ளி வெச்சா. மேனேஜர் நல்லவரா இருந்தா மட்டும் பத்தாது, கடைசி வரைக்கும் கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு தான் இருக்கணும். சாலட் ட்ரெஸ்ஸிங்லயும் சோயா, போலி நண்டுல கோதுமை ஸ்டார்ச், மிசோ சூப்ல சில நேரம் பார்லி, அதனால இந்த மூணையும் யாரு என்ன சொன்னாலும் நாங்க தொடறதில்ல.

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் பாத்தோம், வயித்து வலி ஒண்ணும் இல்ல. (வலி இல்லாததாலயே குளூட்டன் உள்ள போகலன்னு அர்த்தம் இல்ல, சில பேருக்கு வெளிய ஒண்ணும் தெரியாது, அடுத்த ப்ளட் டெஸ்ட்ல டிடிஜி (சீலியாக்குக்கு பாக்கற ஒரு ஆன்டிபாடி) அளவையும் பாக்கணும், ஆனா ஒரு தடவ கொஞ்சமா போனத அது காட்டாமலும் போகலாம்.)

கடை பேர வேணும்னே போடல, இந்த மேனேஜர் லீவுல இருக்கிற அன்னிக்கு நீங்க போய் நிப்பீங்க. உங்க ஊர் கடைக்கு போன் பண்ணி மேல இருக்கிற நாலு கேள்வியையும் கேளுங்க, மூணாவது கேள்வியிலயே தடுமாறினா விட்டுடுங்க. சனிக்கிழமை சாயங்காலம் போகவே போகாதீங்க, கடை திறந்த உடனே போங்க.

பாதுகாப்புக்கு அஞ்சுக்கு நாலு, ருசிக்கு மூணு, விலைக்கு ரெண்டு. சூப், சாலட், சாஸ் எதையும் தொடல, ஆனா பில்லுல ஒரு டாலர் கூட குறைக்கல.