அமெரிக்க டிபிடி பேக்கேஜ் என்று ₹3,42,000 வாங்கிக்கொண்டு கைவிரித்துவிட்டார்கள்: பிபிடி முடித்தவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

பிபிடி, அதாவது பிசியோதெரபி டிகிரி முடித்துவிட்டு, டிபிடி என்ற பிசியோதெரபி டாக்டர் பட்டத்துக்காக அமெரிக்கா போகும் யோசனையில் ஏதாவது கன்சல்டன்சிக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா? கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் ₹3,42,000 வாங்கியவர்கள் இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். நேற்று ராத்திரிதான் அது தெரிந்தது. தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். கோர்வையாக இருக்காது.

பெயரைப் போட வேண்டாம், புகார் கொடுத்துவிட்டுப் பேசலாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதனால் அடையாளம் மட்டும். சென்னையில் மெயின் ரோட்டு மேல் ஒரு மாடி அலுவலகம். கண்ணாடிக் கதவு, சில்லென்று ஏசி, விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் முகங்கள் சுவர் முழுக்க. நர்ஸ்களுக்கு ஒரு டேபிள், பிசியோக்களுக்கு ஒரு டேபிள். இந்த மாதிரி ஊரில் எத்தனையோ இருக்கின்றன, எல்லாரும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வாய்த்தவர்கள் திருடர்கள்.

நான் எப்படி நம்பினேன் என்று கேட்காதவர்கள் இல்லை. சொல்கிறேன். பிசியோ டேபிளில் இருந்த பெண் தானும் பிபிடிதான் என்றாள். சும்மா சொல்லவில்லை. அனாடமி வைவாவில் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்ற நரம்புப் பின்னலை வரையச் சொல்லி எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் எப்படி வறுத்தெடுப்பார், இன்டர்ன்ஷிப் ஆறு மாதமும் லாக் புக்கில் கையெழுத்து வாங்க எப்படி அலைய விடுவார்கள், முடித்து வந்தால் கிளினிக்கில் என்ன சம்பளம் தருவார்கள், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. "நாலரை வருஷம் படிச்சதுக்கு இந்தச் சம்பளமாக்கா?" என்று அவள் கேட்டபோது என் வாயிலிருந்து பிடுங்கிய மாதிரி இருந்தது. அப்புறம் மேனேஜர் வந்து என் அம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "உங்க பொண்ணு டாக்டர் பட்டத்தோட அங்க போய் இறங்குவாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். டெக்சஸில் இருக்கும் சீனியர் என்று ஒருவரை வீடியோ காலில் பிடித்துக் கொடுத்தார்கள். அவரும் தமிழில் நன்றாகப் பேசினார். அம்மா அந்த வாரமே ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துவிட்டார். எவ்வளவு தள்ளுபடிக்கு என்று கேட்காதீர்கள், வயிறு எரிகிறது.

பதிவுக் கட்டணம் ₹25,000. ஃபைல் பிராசஸிங் ₹1,17,000. பல்கலைக்கழக சீட் டெபாசிட் ₹2,00,000. மொத்தம் ₹3,42,000.

அவர்கள் சொன்னதில் முக்கால்வாசி உண்மை, அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். கிரீன் கார்டு விதிகளில் ஷெட்யூல் ஏ என்று ஒரு பட்டியல் இருப்பது நிஜம். அதில் நர்ஸ்களோடு பிசியோக்களும் இருக்கிறார்கள், அமெரிக்கரில் ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. அதுவும் நிஜம். 2016 முதல் அங்கே புதிதாக பிசியோ படிப்பவர்களுக்கு டிபிடி மட்டும்தான், பழைய மாஸ்டர்ஸ் கிடையாது. அதுவும் நிஜம். "அங்க எல்லாரும் டிபிடி, நீங்க வெறும் பிபிடியோட போனா யார் மதிப்பா?" என்று கேட்டால் நமக்கும் நியாயமாகத்தான் தோன்றும்.

பொய் எங்கே என்றால், டிபிடி என்ற பெயரில் இரண்டு படிப்புகள் இருக்கின்றன. ஒன்று, அங்கேயே டிகிரி முடித்தவர்கள் மேற்கொண்டு சுமார் மூன்று வருடம் முழுநேரமாக, ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு படிப்பது. அதற்கு கேப்டி என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கும், முடித்தால் லைசென்ஸ் பரீட்சை எழுதலாம். இன்னொன்று டிரான்சிஷனல் டிபிடி. ஏற்கெனவே பிசியோவாக இருப்பவர் தன் பழைய டிகிரியை டாக்டரேட் ஆக உயர்த்திக்கொள்ள, பெரும்பாலும் ஆன்லைனிலேயே படிப்பது. கேப்டி இதற்கு அங்கீகாரமே கொடுப்பதில்லை, அது அவர்கள் வேலையே இல்லை. இதைச் சேர்த்துக்கொள்ளவே அமெரிக்க லைசென்ஸ் கேட்கிற பல்கலைக்கழகங்கள் பல உண்டு. நம்மைப் போல் வெளிநாட்டில் படித்தவர்களை எடுக்கும் சில இடங்களும் உண்டுதான். நமக்குக் குறைகிற பாடங்களை நிரப்பிக்கொள்ள உதவினாலும் உதவலாம். ஆனால் அதை முடித்தால் மட்டும் பரீட்சை எழுத வழி திறந்துவிடாது. நம் பிபிடியை முதலில் எடைபோட வேண்டும். எஃப்சிசிபிடி போன்ற அமைப்பு நம் பாடத்திட்டத்தையும் மதிப்பெண்களையும் அமெரிக்கப் படிப்போடு வரிவரியாக ஒப்பிடும். மதிப்பெண் பட்டியல் நம் கை வழியாகப் போகக்கூடாது, பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டும். டோஃபல் போன்ற ஆங்கிலத் தேர்வு வேண்டும். அப்புறம்தான் எந்த மாநிலத்துக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்த மாநில லைசென்ஸ் போர்டு பார்த்து என்பிடிஇ என்ற அந்த லைசென்ஸ் பரீட்சைக்கு அனுமதிக்கும்.

இவர்கள் எனக்கு விற்றது ஆன்லைன் டிபிடியை, முழுநேர டிபிடி என்று சொல்லி. "கேப்டி அப்ரூவ்டு மேடம், டிகிரி முடிச்சதும் டைரக்ட்டா எக்ஸாம், இந்த எவாலுவேஷன் தொல்லையெல்லாம் பழைய ரூட்டு." இந்த வரி என் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக இன்னும் இருக்கிறது. பிரவுச்சரில் 'டிபிடி படிப்பில் 50 ஆண்டுப் பாரம்பரியம்' என்று வேறு. முழுநேர டிபிடி என்பதே 1993இல்தான் ஒமாஹாவில் இருக்கும் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 50 ஆண்டு எங்கிருந்து வந்ததாம்?

பணம் போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததைக் கேளுங்கள். முதலில் ரிப்ளை உடனே வரும், ஸ்மைலி எல்லாம் போட்டு. அப்புறம் மாலையில் வரும். அப்புறம் ப்ளூ டிக் மட்டும். போன் செய்தால் "சார் மீட்டிங்ல இருக்காரு", "யுனிவர்சிட்டி போர்ட்டல் டவுன்", "அங்க லாங் வீக்எண்ட் மேடம்". அமெரிக்காவில் அத்தனை லீவா? உங்கள் பல்கலைக்கழகம்தான் டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பவில்லை, நீங்களே போய்க் கேளுங்கள் என்றார்கள். வேலைக்கு லீவ் போட்டுவிட்டுப் போய்க் கேட்டேன். என் பெயரில் அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லை என்று ரிஜிஸ்டரைக் காட்டினார் அங்கிருந்த கிளார்க். திரும்பி வந்து கேட்டால், "ஓ, அது நெக்ஸ்ட் ஸ்டேஜ்லதான் போடுவோம்" என்கிறார்கள். ₹3,42,000 வாங்கிக்கொண்டு அஞ்சு பைசா கட்டணத்தைக்கூட வெளியே கட்டவில்லை.

பிசியோ டேபிள் பெண் எங்கே என்று கேட்டால் ரிசைன் பண்ணிட்டாங்க. புதிதாக ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு எஃப்சிசிபிடி என்றால் என்னவென்றே தெரியவில்லை, என்னிடமே ஸ்பெல்லிங் கேட்டு எழுதிக்கொள்கிறான்!

கடைசியில் நானே அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டேன். இவர்கள் கொடுத்த ஆஃபர் லெட்டரையும் இணைத்தேன். மறுநாளே பதில் வந்துவிட்டது, அது ஒன்றுதான் ஆறுதல். இந்த எண்ணில் எங்களிடம் விண்ணப்பம் இல்லை, இந்தக் கடிதம் நாங்கள் கொடுத்தது இல்லை, சீட் டெபாசிட் எதுவும் வரவில்லை, எங்களுக்கு இந்தியாவில் ஏஜென்ட்டும் இல்லை. எல்லாம் நாலே வரியில்.

அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் முன்னால் வைத்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ரசீதை எடுத்துப் பாருங்கள் மேடம் என்றார். ரசீதில் மூன்று தொகைக்கும் 'கல்வி வழிகாட்டுதல் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்றுதான் இருக்கிறது. டெபாசிட் என்ற சொல்லே இல்லை. மேலே அச்சடித்திருக்கும் கம்பெனி பெயரும் வெளியே போர்டில் உள்ள பெயரும் வேறு வேறு. வேலை வாங்கித் தருவதாக வாயால் சொன்னதும் எங்கும் எழுத்தில் இல்லை. ஏன் இல்லை என்று வக்கீல் சொன்ன பிறகுதான் புரிந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப வேண்டுமென்றால் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்த ஏஜென்ட்டாக இருக்க வேண்டும், அவர்கள் வாங்கக்கூடிய கட்டணமே ₹30,000மும் ஜிஎஸ்டியும்தான். படிப்புக்கு வழிகாட்டினோம் என்று எழுதிவிட்டால் அந்தப் பிடிக்குள் வர மாட்டார்கள். சாமர்த்தியம்.

"வேணும்னா ஜெர்மனிக்கு மாத்தித் தரேன், இன்னும் எண்பதாயிரம் கட்டுங்க" என்றார். அந்த அறையில் என் அம்மாவும் இருந்தார். அம்மா சத்தம் போட ஆரம்பித்ததும் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்கள். சீட்டுப் பணம் ₹3,42,000 கொடுத்தவரை வாட்ச்மேனை விட்டு வெளியே அனுப்புகிறார்கள்! நேற்று ராத்திரி கேட்டதற்கு பிளாக்.

இன்னொன்று, இது பணத்தைவிடப் பெரிய ஆபத்து. பேக்கேஜோடு ஒரு பென் டிரைவ் கொடுத்தார்கள், என்பிடிஇயில் போன தடவை எழுதியவர்கள் ஞாபகம் வைத்துச் சொன்ன கேள்விகளாம். 2010இல் இப்படிக் கேள்விகள் வெளியே சுற்றியதால்தான் பரீட்சை நடத்தும் எஃப்எஸ்பிபிடி, இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், எகிப்து நான்கு நாடுகளில் படித்தவர்களுக்கும் பரீட்சையையே நிறுத்தி வைத்தது. எவனோ செய்ததற்கு நேர்மையாகப் படித்தவர்களும் சேர்ந்து அனுபவித்தார்கள். வாழ்நாளில் மொத்தம் ஆறு தடவைதான் எழுத முடிகிற பரீட்சை அது, 800க்கு 600 எடுக்க வேண்டும். இந்தக் குப்பையை நம்பிப் போய்ப் பிடிபட்டால் எழுதும் உரிமையே போய்விடும். நான் அந்த பென் டிரைவைத் திறக்கவில்லை, வக்கீலிடம் கொடுத்துவிட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மணி என்னாகிறதோ தெரியவில்லை, காலையில் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு இவ்வளவுதான்.

கேப்டி அங்கீகாரப் பட்டியல் அவர்கள் வெப்சைட்டிலேயே இருக்கிறது, காசு வேண்டாம், பார்த்துக்கொள்ளுங்கள். எவாலுவேஷனுக்கு நீங்களே உங்கள் மெயில் ஐடியில் அக்கவுன்ட் திறங்கள், பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கட்டுங்கள், இடையில் எவன் அக்கவுன்ட்டுக்கும் வேண்டாம். ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும் அட்மிஷன் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டு நிஜமா என்று கேளுங்கள். இந்தியாவில் உட்கார்ந்தபடி வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆன்லைன் பிஎச்டி என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அது செல்லாது என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டன.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள்: வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு உடனே அடியுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பிசியோ டேபிள், டெக்சஸ் சீனியர், பென் டிரைவ் என்று படிக்கும்போதே உங்களுக்கு எந்த அலுவலகம் என்று தெரிந்திருந்தால், நீங்களும் அங்கே பணம் கட்டியிருந்தால், ரசீதை போட்டோ எடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். தனியாகப் போனால் வழிகாட்டுதல் கட்டணம் என்பார்கள். பத்துப் பேர் ரசீதை ஒன்றாக வைத்தால் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம்.