கழுத்து மட்டுமா, முழு நீளமா? ரைபிள் தோட்டாக் கூடு எதில் அதிகம் தாங்கும்

சுட்ட பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்புவதற்கு முன் டையில் (கூட்டை நெருக்கி வடிவம் கொடுக்கும் அச்சு) அழுத்தி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கழுத்தை மட்டும் அழுத்தினால் போதும் என்பது ஒரு கட்சி, கூடு முழுவதையும் அழுத்த வேண்டும் என்பது இன்னொரு கட்சி. சேதமான கூடுகளை எடுத்துப் பார்த்தாலே இந்த வழக்கில் பாதி தீர்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கூட்டின் அடிப்பகுதி தனியே பிய்ந்து வருவது. சூடான வாயு சுடுபவரின் முகத்துப் பக்கம் பீறிடலாம். இதில் முழு நீள டைக்குத்தான் கெட்ட பெயர். ஆனால் உண்மையான காரணம் டையைப் பொருத்தும் விதம். கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை டையை இறக்கினால், தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) தேவைக்கு மேல் பின்னுக்குப் போய்விடலாம். அப்புறம் சுடும்போது கூட்டின் முன்பகுதி சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) சுவரைப் பிடித்துக்கொள்ள, அடி மட்டும் அறையைப் பின்னால் அடைக்கும் போல்ட்டின் முகம்வரை பின்னால் நகர்கிறது. அடிக்குச் சற்று மேலே சுவர் இழுபட்டு மெலிகிறது. வெளியே தெரியும் பளபளப்பான வளையம் வெறும் டைத் தடமாகவும் இருக்கலாம். அதனால் முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூடு அவ்வளவுதான்.

கழுத்து மட்டும் அழுத்தினால் தோள் நகராது, இந்த இழுவையும் குறையும். ஆனால் சில சுற்றுகளிலேயே கூடு சேம்பரில் இறுகி, போல்ட் மூட மறுக்கும். சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். வேறு ரைபிளில் சுட்ட கூட்டுக்கும் முழு நீளம்தான்.

கழுத்து வெடிப்பில் இரண்டு முறைக்கும் பங்கு உண்டு. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த இந்தப் பித்தளை, ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் கடினமாகிறது. வழக்கமான முழு நீள டை கழுத்தை அளவுக்கு மீறி நெருக்கி, பிறகு உள்ளே உருண்டையை இழுத்து விரிப்பதால் இங்கே கொஞ்சம் அதிகமாகவே கடினமாகிறது. கழுத்தளவுக்கு ஏற்ற வளையத்தை மாற்றிப் போடக்கூடிய புஷிங் டை இதைக் குறைக்கும். கழுத்தையும் தோளையும் சூடாக்கிப் பதப்படுத்தலாம். அடியில் மட்டும் சூடு ஏறவே கூடாது, அது மென்மையானால் அழுத்தத்தைத் தாங்காது. ஏற்கெனவே வெடித்த கழுத்துக்கு வைத்தியம் கிடையாது.

சுடாத தோட்டாவே வெடிப்பு விடுவதும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் இப்படிப் பிளந்தன. காரணம் அம்மோனியா என்று 1921-ல் விளக்கினார்கள். கூடு கழுவ அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம் என்பது இதனால்தான்.

டையில் அழுத்தும்போது தோளில் சிறு குழி விழுந்தால் கூட்டில் தடவிய மசகு அதிகம், துடைத்தால் சரி. மசகு குறைந்தாலோ கூடு டைக்குள் சிக்கி, விளிம்பு கிழியும்.

என் தேர்வு முழு நீள டைதான், அளந்து வைத்தால். சுட்ட கூட்டின் தோளை கம்பாரேட்டர் (தோள் இருக்கும் இடத்தை அளக்க உதவும் துணைக்கருவி) பொருத்திய காலிபரில் அளந்து, போல்ட்டைக் கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷனுக்கு 0.001 முதல் 0.002 அங்குலம், செமி ஆட்டோவுக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் மட்டும் பின்தள்ளுங்கள். விதிவிலக்கு .303 பிரிட்டிஷ் போன்ற விளிம்புத் தோட்டாக்கள். அவை சேம்பரில் தோளில் அல்ல, அடி விளிம்பில் நிற்பவை. அவற்றைச் சுடும் லீ என்ஃபீல்டு ரைபிளின் சேம்பர்களோ தாராளமானவை. ஒரே ரைபிளில் சுடுவதானால் அங்கே கழுத்து மட்டுமே மேல்.

கழித்த கூட்டின் வாயை இடுக்கியால் நசுக்கிவிட்டுப் போடுங்கள், நல்ல கூடுகளோடு மறுபடி கலக்காது.