சீசன் கடைசித் தள்ளுபடியில் வரும் பூங்கிழங்குப் பொட்டலம்: எதை நம்பி வாங்கலாம்?

இலையுதிர் காலத்தில் நட்டு வசந்தத்தில் பூக்கும் துலிப், டாஃபோடில், குரோக்கஸ் மூன்றின் கிழங்குகளும் கலந்த வலைப்பை. இலையுதிர் காலத்தில் விற்காமல் மிஞ்சியது, குளிர் தொடங்கியதும் தள்ளுபடிக்கு வந்துவிடும். பையில் பெரும்பங்கு துலிப்பாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். டாஃபோடிலும் குரோக்கஸும்தான் அதிகம் என்றால் வேண்டாம்.

துலிப்புக்குத் தாமதம் பெரிய கேடில்லை. மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு நட்டால் இலையையும் மொட்டையும் கருக்கும் போட்ரைட்டிஸ் பூஞ்சையின் தொல்லைகூடக் குறையும். டாஃபோடில் அப்படியில்லை, அது சீக்கிரமே வேர்விடத் தொடங்கும் இனம். பிந்தி நட்டால் முதல் வசந்தத்தில் குட்டையாகப் பூக்கும், அல்லது இலையோடு நின்றுவிடும். குரோக்கஸ் கிழங்கு சின்னது. அலமாரியில் கிடந்தே உலர்ந்துபோகும்.

வாங்கும் முன் வலைக்கு மேலாகவே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல கிழங்கு சமையல் வெங்காயம் போலக் கெட்டியாக, கனமாக இருக்கும். தோல் உரிந்திருந்தால் பரவாயில்லை. மேலே நீலப்பச்சைப் பொடி படிந்திருந்தாலும், உள்ளே கெட்டியாக இருந்தால் துடைத்துவிட்டு நடலாம். வேர் விடும் அடித்தட்டு மெத்தென்று இருந்து புளித்த வாடையும் வந்தால் அது ஃபுசேரியம் பூஞ்சையால் வரும் அழுகல். அந்தக் கிழங்கு எத்திலீன் வாயுவை வெளிவிடும். பக்கத்தில் இருக்கும் நல்ல கிழங்குகளுக்குள் உருவான மொட்டும் அதில் கருகிவிடும். ஒன்று அப்படி இருந்தாலே பையை வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். பழுக்கும் பழமும் இதே வாயுவை விடுவதால் வீட்டில் பழக்கூடைப் பக்கமும் கிழங்கை வைக்கக் கூடாது. நுனியில் முளை எட்டிப் பார்த்தால் குறையில்லை, ஆனால் அன்றே நட்டுவிட வேண்டும்.

பொட்டலத்தின் மேல் நமக்குள்ள குறை லேபிளில்தான். நடவேண்டிய மாதம் மட்டும் இருக்கும். மாதம் தாண்டியவருக்கு ஒரு வரிகூட இருக்காது. தெரிய வேண்டியது குளிர்க்கணக்கு. துலிப்புக்கு 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 12 முதல் 16 வாரம் வேண்டும். அது குறைந்தால் தண்டு நீளாது, பூ இலைகளுக்கு நடுவிலேயே மலர்ந்துவிடும். கிழங்கின் சுற்றளவையும் பாருங்கள். 12 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தால் நம்பலாம். மிகச் சிறிய கிழங்கு ஒற்றை அகல இலை மட்டும் விட்டு அந்த ஆண்டை முடித்துக்கொள்ளும்.

நடும்போது கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம். துலிப்புக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். மண்ணின் மேலோடு மட்டும் உறைந்திருந்தால் உடைத்து நடலாம். அடிவரை உறைந்துவிட்டதா? தொட்டிக்கு மாற்றுங்கள். அடியில் ஓட்டையுள்ள தொட்டியில், கிழங்குகள் ஒன்றையொன்று தொடாதபடி நெருக்கமாக வைத்து மூடி, ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, சூடேற்றாத கொட்டகையில் 2 முதல் 9 டிகிரிக்குள் வைக்கவும். தொட்டியை வெட்டவெளியில் விட்டால் பக்கங்களிலிருந்தும் குளிர் ஏறி மண் முழுக்க உறைந்து வேர் செத்துவிடும். கொட்டகையில் தண்ணீர் தேங்கினாலும் அழுகும். மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும்.

நடாமல் மிஞ்சியதை அடுத்த இலையுதிர் காலத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். அதற்குள் உள்ளே காய்ந்துவிடும். பிந்தியாவது மண்ணில் போட்டால்தான் அதற்குப் பிழைக்க வழி உண்டு.