நங்கநல்லூரா, மடிப்பாக்கமா? காலை ஏழே முக்கால் மணிக் கணக்கு

திருச்சியிலிருந்து சென்னைக்கு மாறுவது உறுதியான அன்று இரவே என் கணவர் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பெருங்குடியில் அலுவலகம், எனக்குக் கிண்டி தொழிற்பேட்டையில். மகள் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள், மகன் மூன்றாம் வகுப்புக்கு. இருவர் அலுவலகத்துக்கும் தோதாகப் பார்த்ததில் இரண்டு ஊர்கள்தான் தேறின: நங்கநல்லூர், மடிப்பாக்கம். நடுவில் உள்ளகரம் மட்டுமே இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருப்பவற்றில் எதை எடுத்தால் என்ன என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று சனி, ஞாயிறுகள் அலைந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

வாடகையை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நங்கநல்லூரில் இரண்டு படுக்கையறைக்குக் கேட்ட பணத்துக்கு மடிப்பாக்கத்தில் மூன்று படுக்கையறையும் கார் நிறுத்த இடமும் காட்டினார்கள். வீடும் புதிது, வெளிச்சமும் அதிகம். நங்கநல்லூரில் பார்த்த பல வீடுகள் அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் அந்தக் காலத்தில் மனை வாங்கிக் கட்டியவை, அல்லது அவற்றை இடித்து எழுப்பிய சிறிய அடுக்ககங்கள். ஏ.ஜி.எஸ். காலனி, எஸ்.பி.ஐ. காலனி, டி.என்.ஜி.ஓ. காலனி என்று தெருப் பெயர்களைப் படித்தாலே ஊரின் வரலாறு தெரிந்துவிடும். பணத்தை மட்டும் பார்த்தால் மடிப்பாக்கம்தான். என் கணவர் முதல் ஞாயிறே முடிவுக்கு வந்துவிட்டார்.

நான் வரவில்லை. காரணம், தரைக்கு அடியில் இருப்பது.

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியை விரித்தபோது இரண்டு ஊர்களும் ஒரே நாளில் உள்ளே வந்தன. வந்த வழிதான் வேறு. நங்கநல்லூர் அதுவரை ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. மடிப்பாக்கம் கிராம ஊராட்சி. ஆலந்தூர் நகராட்சி இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே, வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் என்று மக்களிடம் முன்பணம் திரட்டிப் பாதாளச் சாக்கடை போட்டது. நாட்டில் பலரும் வந்து பார்த்துவிட்டுப் போன திட்டம் அது. மடிப்பாக்கத்தில் வீடுகள் பெருகிய வேகத்துக்கு ஊராட்சியால் ஈடுகொடுக்க முடியவில்லை. கழிவுநீர்த் தொட்டியும், அது நிரம்பினால் வரும் லாரியுமாகத்தான் பல தெருக்கள் வளர்ந்தன. மாநகராட்சிக்குள் வந்த பிறகு குழாய் பதிக்கும் பணி தெருத்தெருவாக, ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. ஆகவே அங்கே வீடு பார்ப்பவர்கள் “பாதாளச் சாக்கடை உண்டா?” என்று கேட்டுப் பயனில்லை, “உண்டு” என்றுதான் சொல்வார்கள். “இந்த வீட்டுக்கு இணைப்பு கொடுத்தாகிவிட்டதா, கடைசியாக லாரி எப்போது வந்தது?” என்று கேட்க வேண்டும்.

அடுத்தது மழை. மடிப்பாக்கத்துக்கு ஏரி இருக்கிறது, கீழ்க்கட்டளைக்கு ஏரி இருக்கிறது, இந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் கடைசியில் போய்ச் சேருவது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில். 2022-இல் அதற்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரும் ராம்சர் தகுதி கிடைத்தது. தகுதி வருவதற்கு முன்பே அதன் பெரும்பகுதி சாலையாகவும் குப்பைமேடாகவும் கட்டடங்களாகவும் மாறிவிட்டது. போக இடமில்லாத தண்ணீர் தெருவில் நிற்கிறது.

ராம் நகர்ப் பக்கம் ஒரு வீடு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாடிப்படி அடியில் மின்சார மீட்டர் பெட்டி என் தோள் உயரத்தில் இருந்தது. பழைய பெட்டி இருந்த இடம், சிமெண்டு பூசி, முழங்காலுக்குச் சற்று மேலே சதுரமாகத் தெரிந்தது. ஏன் மாற்றினார்கள் என்று தரகரிடம் கேட்டேன். “குழந்தைகள் கை படக் கூடாது என்றுதான் மேடம்” என்றார். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெரியவரிடம் அதையே வேறு மாதிரி கேட்டேன். அவர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, “2015-இல் இதுவரை அம்மா” என்று இடுப்பில் கை வைத்துக் காட்டினார். “மிக்ஜாம் புயலுக்கு?” என்றேன். கை முழங்காலுக்கு இறங்கியது. தரகர் யாருக்கோ தொலைபேசியில் பேச ஆரம்பித்துவிட்டார்.

மடிப்பாக்கம் முழுவதும் இப்படி என்று சொன்னால் அநியாயம். இரண்டு தெரு தள்ளி ஒரு சொட்டுகூட நிற்காத இடங்கள் இருக்கின்றன. ஆனால் வெளியூரிலிருந்து வருபவருக்கு எது மேடு, எது பள்ளம் என்று வெயில் காலத்தில் தெரியாது. ஒரு அடையாளம் உண்டு: வாசலில் இரண்டு படி கீழே இறங்கி வீட்டுக்குள் போக வேண்டியிருந்தால், வீடு கட்டிய பிறகு பழையதைச் சுரண்டாமலே தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்திருக்கிறது. அந்த வீட்டை விட்டுவிடுங்கள். இது நங்கநல்லூருக்கும் பொருந்தும். அங்கேயும் மழையில் எல்லாம் சொர்க்கமில்லை. பழவந்தாங்கல் சுரங்கப்பாதையும் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையும் நல்ல மழை ஒன்று பெய்தால் மூடப்படும். ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் பள்ளிக்கூடம் என்றால் அன்றைக்குப் பிள்ளைகள் சுற்றித்தான் போக வேண்டும்.

இனி பள்ளி. உண்மையில் இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் பள்ளியைத் தேடினோம், அது தலைகீழ்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் “நல்ல பள்ளி வட்டாரம் பார்த்து வீடு எடு” என்று சொல்வார்கள். அங்கே முகவரியைப் பொறுத்துப் பொதுப்பள்ளி அமையும். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் 25 விழுக்காடு இடங்களுக்கு மட்டும் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் என்ற வரம்பு உண்டு. அதுவும் எல்.கே.ஜி. போன்ற நுழைவு வகுப்புக்குத்தான். எட்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் கேட்டு நிற்பவர்களுக்கு முகவரியால் ஒரு பயனும் இல்லை. யாராவது டி.சி. வாங்கிக்கொண்டு போனால்தான் இடம். இரண்டு ஊரிலும் மெட்ரிக், சி.பி.எஸ்.இ. இரண்டுக்கும் குறைவில்லை, நங்கநல்லூரில் நேரு அரசு மேல்நிலைப்பள்ளியும் இருக்கிறது. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் சொல்ல மாட்டேன். எந்த வகுப்பில் எத்தனை இடம் காலி என்பதுதான் வித்தியாசம், அதை எந்த விளம்பரப் பலகையும் சொல்வதில்லை.

ஒரு பள்ளியில் இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். திருச்சியிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்து நின்றால், மகனுக்கு மட்டும்தான் என்றார்கள். பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அன்றிலிருந்து, சேர்க்கை உறுதி என்று எழுத்தில் கைக்கு வரும்வரை வீட்டு முன்பணம் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. சி.பி.எஸ்.இ.யில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு ஒன்பதிலேயே முடிந்துவிடும். பத்தில் நேரடியாகச் சேர்வது எளிதல்ல. மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து மாறும் எண்ணம் இருந்தால் எட்டிலோ ஒன்பதின் தொடக்கத்திலோ மாறிவிட வேண்டும். மகள் எட்டு என்பதால் பிழைத்தோம். ஓராண்டு தள்ளிப்போட்டிருந்தால் ஊரை நாங்கள் தேர்ந்தெடுத்திருக்க மாட்டோம், காலி இடம் தேர்ந்தெடுத்திருக்கும்.

கடைசியில் இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் தர இரண்டு பள்ளிகள் ஒப்புக்கொண்டன, ஊருக்கு ஒன்று. பாடம், கட்டணம், மைதானம் எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஒரு திங்கட்கிழமை விடுப்பு போட்டுவிட்டு, காலை ஏழே முக்காலுக்கு இரண்டு பள்ளி வாசலுக்கும் பார்த்து வைத்திருந்த வீட்டிலிருந்து நடந்து பார்த்தோம். மடிப்பாக்கத்தில் மேடவாக்கம் பிரதான சாலையைக் கடக்க வேண்டும். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் மெட்ரோவின் ஐந்தாம் வழித்தடத்துக்காகச் சாலையின் நடுப்பகுதியைத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். மீதமிருந்த ஒடுக்கமான பாதையில் மாநகரப் பேருந்து, தண்ணீர் லாரி, பள்ளி வேன், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டி. நானே கடக்க நாலு நிமிடம் நின்றேன். மூன்றாம் வகுப்புப் பையன் அங்கே தனியாக நிற்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேனில் அனுப்பலாம். ஆனால் அந்த வேனும் அதே சாலையில்தான் நிற்கும். எட்டரை மணிப் பள்ளிக்கு ஏழு மணிக்கே பிள்ளையை ஏற்ற வேண்டும்.

நங்கநல்லூரில் நடந்த வழி முழுக்க உள்தெரு. கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள், பால் பாக்கெட் வாங்கித் திரும்பும் தாத்தாக்கள், சீருடையில் சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகள். சீருடைப் பிள்ளைகள் பெற்றோர் துணையின்றிப் போவதை அந்த மூன்று வாரத்தில் அங்கேதான் கூட்டமாகப் பார்த்தேன். எனக்கு அது போதும்.

நங்கநல்லூரின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலே தாழ்வாகப் போகும். முதல் வாரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பேசினேன். அனுமன் ஜயந்தியன்று 32 அடி ஆஞ்சநேயர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வண்டி எடுக்க நினைக்கவே கூடாது. எனக்குப் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கிண்டி. ஆனால் பெருங்குடிக்குப் போகும் கணவருக்கு மடிப்பாக்கமோ கீழ்க்கட்டளையோதான் சௌகரியம். பல்லாவரம்–துரைப்பாக்கம் இருநூறடிச் சாலை அங்கிருந்து கையெட்டும் தூரம். அந்தச் சண்டையில் அவர் தோற்றார் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். விட்டுக்கொடுத்தார் என்று எழுதுகிறேன்.

அவர் வாதத்திலும் நியாயம் இருந்தது. பிள்ளைகள் எல்.கே.ஜி. வயதில் இருந்து, இருவருக்கும் வேலை பழைய மகாபலிபுரம் சாலையில் அமைந்திருந்தால், நானே மடிப்பாக்கத்தைச் சொல்லியிருப்பேன். மேடான தெருவாக, சாலையைக் கடக்க வேண்டாத பக்கமாகப் பார்த்து எடுத்தால், பெரிய வீடு கிடைக்கும். மெட்ரோ ஓடத் தொடங்கினால் அந்தச் சாலையின் அவதியும் குறையும். எட்டாம் வகுப்புப் பெண்ணை வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்க முடியாது.

இப்போது இரண்டு படுக்கையறையில் நான்கு பேர். சைக்கிள் நிறுத்தக் கீழே இடமில்லை, கூடத்தில் சோஃபாவுக்கும் அலமாரிக்கும் நடுவே நிற்கிறது. காலையில் மகள் அதைப் பின்பக்கமாக உருட்டி வெளியே எடுப்பதற்குள் மகன் செருப்பைத் தேடிக்கொண்டு குறுக்கே வந்துவிடுகிறான். மணி ஏழே முக்கால்.