சீல் மாற்றுவதா, சிலிண்டரையே மாற்றுவதா?

கந்தப்பளை, ராகலைப் பக்கம் முன்னால் அள்ளித் தூக்கும் லோடர் பூட்டிய சின்ன ட்ரக்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எப்படியும் வரும். தூக்கும் சிலிண்டரின் வாயில் ஒயில் கசிகிறது, என்ன செய்வது? நான் சீலை, அதாவது ஒயில் வெளியே வராமல் அடைத்து நிற்கும் வளையத்தை, மாற்றினேன். பக்கத்துத் தோட்டத்தில் லீக்ஸ் போடும் மச்சான் புதுச் சிலிண்டரே வாங்கிப் பூட்டினார். இரண்டு வண்டியும் ஓடுகின்றன. இருந்தாலும் நான் சீல் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு.

ஒயிலை ஊற்றி ஊற்றியே காலத்தை ஓட்டுபவர்களும் உண்டு. அந்த யோசனை வேண்டாம். இந்த வகை ட்ரக்டர் பெரும்பாலானவற்றில் கியர்பெட்டி, ஹைட்ரோலிக், பிரேக் தட்டுகள் எல்லாம் ஒரே ஒயிலில்தான் ஓடுகின்றன. ஒயில் இறங்கிய வண்டி சரிவில் நின்றால் மிச்சமிருப்பதும் ஒருபக்கம் ஒதுங்கிவிடும்; பம்ப் காற்றை இழுத்து ஊளையிடும். கசிவை அடைக்கும் மருந்து என்று போத்தலில் விற்பது ரப்பரை உப்ப வைக்கிற சரக்கு. அதே ஒயில்தான் பிரேக்கிலும் இருக்கிறது. நம் மலையில் பிரேக்கோடு விளையாட முடியுமா?

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதிலிருந்து இறக்குமதிப் பாகம் எதுவும் மலிவில்லை. சீல் செட் சில்லறைச் செலவு, சிலிண்டர் அப்படியில்லை. அதோடு, ஜப்பானில் ஓடி இங்கு வந்த பழைய வண்டிக்குச் சரியான சிலிண்டர் தேடுவது பெரும்பாடு. சீலுக்கு அந்தத் தொல்லை கிடையாது. உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றையும் அளந்துகொண்டு போனால் பெயாரிங் கடையிலேயே பொருத்தமானதை எடுக்கலாம்.

ஆனால் தீர்ப்புச் சொல்வது விலையில்லை, ரொட், அதாவது சிலிண்டருக்குள் போய்வரும் குரோம் பூசிய தண்டு. கராஜ் பாஸ் என் வண்டியைப் பார்த்ததும் கேட்டது ஒன்றே ஒன்று: “தம்பி, ரொட்டுல நகத்த ஓட்டிப் பார்த்தீங்களா?”

ரொட்டை முழுதாக வெளியே நீட்டி, என்ஜினை நிறுத்தி, லோடர் கீழே விழாதபடி முட்டுக்கொடுத்து, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு விரல் நகத்தை நீளவாக்கில் மெதுவாக ஓட்ட வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் சீல் போதும். எங்காவது நகம் தட்டினால் அந்த இடத்தில் குரோம் போய்க் குழி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ரொட் ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் அந்தக் குழியின் விளிம்பு துருவுபலகை மாதிரி சீலைச் சுரண்டும். எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் மறுபடி சொட்டும். மச்சானின் ரொட் அப்படித்தான் இருந்தது. கடுகு கடுகாய்த் துருப்புள்ளி. மழையிலும் மூடுபனியிலும் லோடரைத் தூக்கியபடியே நிறுத்தி வைப்பார், கோழி எரு அள்ளிவிட்டுக் கழுவவும் மாட்டார். குரோம் பூச்சு தலைமயிரின் தடிப்புக்கூட இல்லாதது. ஈரமும் எருவும் அதன் நுண்வெடிப்புக்குள் இறங்கினால் துரு அடியிலிருந்து கிளம்பும். அவருக்குப் புதுச் சிலிண்டர்தான் சரி. ரொட் வளைந்திருந்தாலும், குழாயின் உட்சுவரில் கீறல் இருந்தாலும் அதே பதில்தான்.

ரொட்டுக்கு மட்டும் மறுபடி குரோம் போடலாம் என்றும் சொல்கிறார்கள். நான் செய்து பார்த்ததில்லை, அதனால் பரிந்துரைக்க மாட்டேன். புதுச் சிலிண்டர் எத்தனை வருடம் உழைக்கும் என்பதிலும் எனக்கு மச்சானுடையதுதான் சாட்சி, அது இன்னும் பழசாகவில்லை.

சீல் வழியில் போனால் கவனம் வேண்டியது பூட்டும்போதுதான். உதடு உள்ள சீலின் உதடு அழுத்தம் வரும் பக்கம், அதாவது ஒயிலைப் பார்த்து இருக்க வேண்டும். தூசி துடைக்கும் சீலின் உதடு வெளியே பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் அன்றைக்கே ஒழுகும். குளிரில் சீல் விறைத்துக்கிடக்கும், சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் வளைந்துகொடுக்கும். ஸ்க்ரூட்ரைவரால் நெம்பித் தள்ளக் கூடாது. ரொட்டின் மரையில் டேப் சுற்றிவிட்டு அதன்மேல் நழுவவிட்டால் உதடு அறுபடாது.

இவ்வளவுக்கும் முன்னால், கசிவது சிலிண்டர்தானா ஹோஸா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹோஸ் என்றால் இந்த அலசலே தேவையில்லை, அதே நீளத்தில் புதிது அழுத்திப் போட வேண்டியதுதான். தேடும்போது கையை வைத்துத் தடவாதீர்கள், கார்ட்போட் துண்டைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே 150, 200 பார் அழுத்தம் இருக்கும். ஊசித்துளையில் பீறிடும் ஒயில் தோலுக்குள்ளேயே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே வராது, ஆனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

சீல் மாற்றிய பிறகு வேலை முடிந்ததும் லோடரைத் தரையில் இறக்கி வைக்கிறேன். தூக்கும் ரொட் இரண்டும் உள்ளே போய்விடும். பக்கெட்டைத் திருப்பும் ரொட் கொஞ்சம் வெளியே நிற்கும், அதில் மெல்லிசாக கிரீஸ் தடவிவிட்டால் போதும். அடுத்த தடவை ஓட்டுமுன் அந்தக் கிரீஸைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மண் ஒட்டி அதுவே சீலைக் கடிக்கும்.