முழுப்பலகையா, ஒட்டுப்பலகையா? கும்பகோணத்து வீட்டில் ஒரு கிளாசிக்கல் கிட்டார்

காவிரிக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டார் இதுவரை இரண்டு வாங்கியிருக்கிறேன். முதலாவதன் மேல்பலகை முழு சிடார் மரம். இரண்டாவது, மெல்லிய தகடுகளை ஒட்டி அழுத்திய பலகை. கடைக்காரர்கள் லாமினேட் என்பார்கள். விலை முதலாவதில் மூன்றில் ஒரு பங்குதான். இன்று என் மடியில் இருப்பது இரண்டாவது.

ஒலியைப் பொறுத்தவரை வழக்கே இல்லை, முழுப்பலகைதான். ஸ்பெயின் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து, மேலே மட்டும் நல்ல பலகை வைத்து ஒரு கிட்டார் செய்தார். ஒலியின் உயிர் மேல்பலகையில் இருக்கிறது என்று காட்டத்தான் அந்த வேலை. என் சிடார் கிட்டாரில், தந்திகளை மேல்பலகையோடு பிணைக்கும் பிரிட்ஜ் ஓரமாக மீட்டினால் நாதம் கூர்மையாகும். விரலை ஒலித்துளைக்கு மேலே நகர்த்தினால் குழைந்துவிடும். ஒட்டுப்பலகையில் இந்த இரண்டு நாதத்துக்கும் இடையிலான வேறுபாடு குறைவு. ஒரே வரியை இரண்டு நிறத்தில் வாசிப்பது இந்த இசையின் பாதி சுகம் என்பதால், இது சின்ன இழப்பு இல்லை.

ஆனால் ஐப்பசி என்று ஒரு மாதம் இருக்கிறது. கிட்டாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். அடைமழை நாட்களில் எங்கள் கூடத்து மீட்டர் 85க்குக் கீழே இறங்குவதில்லை. இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனமுள்ள முழுப்பலகை, ஈரத்தைக் குடித்ததும் அகலவாக்கில் விரியும். விளிம்பு ஒட்டியிருப்பதால் விரிய இடமில்லாமல் நடுவில் உப்பும். பிரிட்ஜும் கூடவே எழும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டு) 4 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்த ஆறாம் தந்தி 5ஐத் தாண்டியது. பாரே பிடித்தால், அதாவது ஒரே விரலைக் கிடையாக வைத்துப் பல தந்திகளை அழுத்தினால், இடது கட்டைவிரல் கடுத்தது. உறைக்குள் சிலிக்கா ஜெல் பைகள் வைத்தேன். அவை ஈரம் ஏறியதும், மணிகளை வாணலியில் கொட்டி வறுத்து மீண்டும் வைத்தேன். அம்மா அந்த வாணலியை அதன்பின் சமையலுக்கு எடுக்கவே இல்லை.

இரண்டாவது மழைக்காலத்தில் பிரிட்ஜின் பின்விளிம்பு விட்டுக்கொண்டது; ஒரு விசிட்டிங் கார்டு உள்ளே நுழைந்தது. ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையில் இழுக்கும் இடம் அது. தஞ்சாவூரில் வீணை செய்யும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். விரல் கணுவால் பலகையைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். “நல்ல பலகை தம்பி. ஆனால் இவ்வளவு மெல்லியதில் நான் கை வைக்க மாட்டேன்” என்றார். அவர் பழகியது கனத்த பலாமரம். வீணையில் மெட்டுகளைப் பதித்த மெழுகு இளகி மேளம் (மெட்டுகளின் சுருதி அமைப்பு) கெட்டால், மேளம் கட்ட உள்ளூரிலேயே ஆள் உண்டு. கிட்டாரைச் சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. போக வர ஆறு வாரம். வாசிக்காத ஆறு வாரத்தை எந்தச் சிடாரும் ஈடுசெய்யாது.

ஒட்டுப்பலகையில் தகடுகளின் இழை ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால் ஒன்று விரியப் பார்த்தால் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. தந்தி உயரம் மாறவில்லை. ஊஞ்சல் மேலேயே கிடக்கிறது. எடுப்பதும் வாசிப்பதும் எளிதாக இருப்பதால் தினமும் எடுக்கிறேன். பாஸ் (கீழ்ஸ்தாயி) தந்திகளின் வெள்ளிப் பூச்சு கறுப்பது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

என் அனுபவம் சிடாரோடு நிற்கிறது. மேல்பலகைக்குப் பயன்படும் இன்னொரு மரமான ஸ்ப்ரூஸின் முழுப்பலகையை ஒரு மழைக்காலம்கூட நான் வைத்துப் பார்த்ததில்லை. ஏசி அறையை நாள் முழுக்க ஓட்ட முடிந்தவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம். பழையதாக விற்கும்போது முழுப்பலகைக்கு நல்ல விலை கிடைக்கும் என்கிறார்கள். பிரிட்ஜ் ஒட்டிய தழும்போடு என்ன கிடைக்கும் என்று நான் விசாரிக்கவில்லை.

சிடார் கிட்டார் இப்போது பெங்களூரில் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. போன தை மாதம் போனபோது தந்தி உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன்: சரியாக 4 மில்லிமீட்டர். இரவு பதினொன்றரை வரை கீழே வைக்கவில்லை. அத்தான்தான் எழுந்து வந்து விளக்கை அணைத்தார்.